ரேடியோவும் ஏரியலும்

மில்லில் அவருக்கு ரேடியோ என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள். ஃபிட்டர் வேலை. ஸ்பானரோடு மெஷின் பக்கத்தில் குனிந்தால் கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். கேண்டீனில் அவர் இருக்கிற மேஜையில் டீயை ஆறவிடாமல் குடித்தவர் எவரும் இல்லை. கதை, கேலி, ஊர் வம்பு, பழைய மேனேஜர் மாதிரியே பேசிக் காட்டுகிற பேச்சு, எல்லாம் அந்தத் தொண்டைக்குள் இருந்தது. அந்தத் தொண்டையைத்தான் அறுத்து எடுத்துவிட்டார்கள்.

அவர் மனைவியும் அதே மில்தான். நூற்கிற மெஷினில் அறுந்த இழையைப் பிணைக்கிற வேலை. மெஷினை நிறுத்தக் கூடாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்த நுனியைப் பிடித்து ஒட்டிவிட வேண்டும். அவளுக்குப் பேச்சு கம்மி, கண் கூர்மை. ஷெட்டின் அந்தக் கோடியில் நடப்பது இந்தக் கோடியில் இருக்கிற அவளுக்குத் தெரிந்துவிடும். ரேடியோவுக்கு வாழ்க்கைப்பட்டதும் மில்காரர்கள் கூடிப் பேசி, ரேடியோவுக்கு அலை பிடித்துக் கொடுக்கிற கம்பி என்று, அவளுக்கு ஏரியல் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அவளும் பாதி கோபத்தோடும் பாதி பெருமையோடும் அதை ஏற்றுக்கொண்டாள்.

ஷெட்டுக்குள் காது கிழிகிற சத்தம். அங்கே கத்திப் பேசுகிறவன் புதிதாக வேலைக்கு வந்தவன். பழகியவர்கள் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். கொஞ்சம் கை ஜாடையும் சேரும். ஷெட் பேச்சு என்று அதற்குப் பெயர். ரகசியம் பேச வேண்டுமென்றால் வாயைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஷெட் முழுக்கப் படித்துவிடும். அந்தப் பேச்சில் மரியாதைக்கு இடமில்லை. நீங்க, வாங்க என்று நீட்டி முழக்க யாருக்கு நேரம்? மேஸ்திரியும் நீதான், உள்ளே வந்தால் மேனேஜரும் நீதான். ஆனால் கேட்டைத் தாண்டிவிட்டால் ஷெட் பேச்சு பேசுவது தப்பு. நாலு பேர் நடுவே சத்தமில்லாமல் வாயசைத்தால், பக்கத்தில் இருக்கிறவர்களைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று ஆகிவிடும். அதனால் ஏரியல் புருஷனை ஷெட்டுக்குள் நீ என்பாள், வீட்டில் நீங்க என்பாள். அவர்கள் காதலித்ததெல்லாம் நீ என்ற கணக்கில்தான். ஒரு வார்த்தை சத்தமாகப் பேசாமலே கல்யாணம் வரை வந்துவிட்டார்கள்.

முதலில் குரல் கரகரத்தது. ஸ்டேஷன் சரியாகக் கிடைக்கவில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். பிறகு எச்சில் விழுங்கினால் வலித்தது. டாக்டரம்மா படங்களை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, சுற்றி வளைக்காமல் சொன்னார். தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு. எடுக்காவிட்டால் அதிக நாள் இல்லை. எடுத்த பிறகு கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாகத்தான். குரல் வராது. உடம்பு தேறிய பிறகு பேச உதவுகிற கருவி ஏதாவது பார்க்கலாம்.

ரேடியோ மிச்சமிருந்த குரலில் சொன்னார்: "சத்தம் வராத ரேடியோவை எந்த வீட்டுலம்மா நடுக்கூடத்துல வச்சிருக்காங்க? பரண்லதான் போடுவாங்க. வேண்டாம், விட்டுடுங்க."

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஏரியல் அழுது பார்த்தாள். சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். வெளியூரில் இருக்கிற மகளை வரவழைத்துப் பேச வைத்தாள். மனிதர் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் ஷெட்டுக்குள், அவளுடைய மெஷினைப் பார்க்க வந்து அவர் குனிந்திருந்தபோது, தோளைத் தட்டி நிமிர வைத்தாள். உதட்டை அசைத்துச் சொன்னாள்: "எனக்கு நீ இருந்தா போதும். குரல் எதுக்கு? உன் வாய் அசைஞ்சா எனக்குப் போதும்."

அவர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். அந்த ஒரு ஆட்டலுக்குத்தான் ஆபரேஷன் நடந்தது.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார். மில்லுக்குள் மட்டும் போகவே கூடாது. மூக்கு வடிகட்டுகிற தூசியைக் கழுத்துத் துளை வடிகட்டாது. பஞ்சு நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஏரியல் இதை நினைத்தே பார்க்கவில்லை. குரல் போனாலும் ஷெட் இருக்கிறது, அங்கே எல்லோருமே குரல் இல்லாதவர்கள்தானே என்றுதான் அத்தனை தைரியமாக அவரைச் சம்மதிக்க வைத்தாள். உலகத்திலேயே அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை என்கிற ஒரே இடம் அவருக்கு மூடிப்போனது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், தூசி படாமல் இருக்கக் கழுத்தில் கட்டியிருந்த துண்டை மேலே இழுத்து மூக்கு வரை மூடிக்கொண்டதுதான். மூச்சுக்கு அது தடையில்லை. மூச்சு கீழேதான் போகிறது. வாய் மட்டும் மறைந்தது. ஷெட் பேச்சு தெரிந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியதுதான் அது.

மகள் ஒரு சிலேட்டு வாங்கி வந்தாள். அவளுக்கு உதடு படிக்கத் தெரியாது; வீட்டில் அந்தப் பேச்சு பேசாத அப்பா அம்மாவுக்குப் பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்? அவர் சிலேட்டை வாங்கி, கவிழ்த்து, அதன் மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்தார். மகள் சமையலறையில் போய் அழுதுவிட்டு, லீவு முடிந்து ஊருக்குப் போனாள்.

பார்க்க வந்தவர்கள் செய்தது இன்னும் கொடுமை. வாய் போனால் காதும் போய்விடும் என்று யார் சொல்லிக்கொடுத்ததோ, எதிர் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று "எப்படி இருக்கீங்க" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். மில் சிநேகிதர்கள் வந்தார்கள். ஷெட் பேச்சில் ஊறியவர்கள், ஆனால் நோயாளி வீட்டில் அதைப் பேசுவது மரியாதையில்லை என்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து சத்தமாக வெயிலைப் பற்றிப் பேசினார்கள். துண்டுக்கு மேலே இரண்டு கண்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. எழுந்து போகும்போது ஒவ்வொருவருக்கும் விட்டால் போதும் என்று இருந்தது. மறுபடி யாரும் வரவில்லை.

ஏரியல் லீவு போட்டுக் கூடவே இருந்தாள். வீட்டில் கவிழ்ந்திருந்த அமைதி தாங்காமல், பிறந்ததிலிருந்து பேசாததையெல்லாம் பேசித் தீர்த்தாள். பேசிப் பழக்கம் இல்லாதவளிடம் சரக்கு எவ்வளவு இருக்கும்? சீக்கிரமே தீர்ந்துவிட்டது. பிறகு அவர் சொல்கிற கதைகளையே எடுத்து அவருக்கே சொல்ல ஆரம்பித்தாள். பழைய மேனேஜர் குடை தேடின கதை மில்லில் எல்லோருக்கும் மனப்பாடம். அதை அவள் இப்படி ஆரம்பித்தாள்: "மேனேஜரு குடையைத் தன் சட்டைக் காலர்ல, பின்னாடி மாட்டிக்கிட்டே, குடையைக் காணோம்னு ஊரெல்லாம் தேடினாரே..." முதல் வரியிலேயே கதை செத்துப்போய்விட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். வலி போலிருக்கிறது என்று அவள் முதுகைத் தடவிவிட்டாள். இதே கதையை அடுத்தடுத்த நாளும் சொன்னாள், அதே மாதிரி.

அவர் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. விழுங்கப் பழகியாயிற்று, தொண்டை ஆறிவிட்டது, இனிமேல் சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவர் கையில்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எடை இறங்கிக்கொண்டே போனால் மறுபடி மூக்கில் குழாய், அதையும் பிடுங்கிப் போட்டால் அப்புறம் என்னிடம் மருந்து இல்லை என்றும் சொன்னார். ஏரியல் கஞ்சியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் குடிக்க மாட்டார். துண்டை இறக்க வேண்டுமே. அவள் அந்தப் பக்கம் போனால் கிண்ணம் காலியாகிவிடும். அதை நம்பிக்கொண்டிருந்தாள், பாவம். ஒருநாள் மாடி வராந்தாவில் துணி காயப்போடப் போனவளுக்குப் புளித்த வாடை அடித்தது. தொட்டிச் செடியைச் சுற்றி மண்ணே தெரியாமல் கஞ்சி காய்ந்து பொருக்காடிக் கிடந்தது.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உள்ளே போய் அவர் முகத்திலிருந்த துண்டைப் பிடித்து இழுத்தாள். அவர் தடுக்கவில்லை. வெள்ளை வெள்ளையாகத் தாடி முளைத்து, கன்னம் ஒட்டி, யாரோ ஒரு கிழவர் மாதிரி இருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வாயைப் பார்த்தாள். அது அசைந்தது.

"எதுக்கு என்னைப் பொழைக்க வச்சே?"

எழுத்துக்கு எழுத்துத் தெளிவாகத்தான் இருந்தது. அவள் படிக்கத் தெரிந்தவள், தெரியாத மாதிரி நடிக்க முடியாது. அவர் அவள் கையிலிருந்து துண்டை வாங்கி, மடிப்பை நீவி, பழையபடி மூடிக்கொண்டார். ஏரியல் வராந்தாவுக்குப் போய்க் கரண்டியால் செடித் தொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் சுரண்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

லீவு முடிந்தது. வேலைக்குப் போனாள். ஓடுகிற மெஷினில் இழைகள் அறுந்தன, கண்ணால் பார்த்தாள், கை போகவில்லை. சுற்றி இருந்த பெண்கள் வாயசைத்துக் கேட்டார்கள்: எப்படி இருக்கான்? சாப்பிடுறானா? பேசுறானா? அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? நான்தான் அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய்க் கழுத்தில் ஓட்டை போட வைத்தேன், அவர் இப்போது செடிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு சாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றா? அவள் கையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டாள். ரகசியம் சொல்வதற்காக இல்லை. இனி எதையும் சொல்லவே வேண்டாம் என்று இருந்தது. அப்படி மூடிக்கொண்டு நின்றபோது அந்தக் கைக்குள் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பயந்துபோய்க் கையை எடுத்தாள். மேஸ்திரி வந்து, இன்றைக்கு வீட்டுக்குப் போ என்று வாயசைத்தார். அவள் போகவில்லை. வீட்டுக்குப் போக அவளுக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்குப் பயந்து மில்லில் நின்றது அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பித் தலை வாரி முடித்தவள், அவர் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேச வாயைத் திறந்தாள். குரல் கம்மிப்போய் வரவே இல்லை. அவள் குரலை விட்டுவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, சொந்த வீட்டுக்குள், உதட்டை மட்டும் அசைத்து, நீ போட்டுப் பேசினாள்.

"எதுக்குன்னு கேட்டே இல்ல? எனக்காக. உனக்காக இல்ல. நீ இல்லாம என்னால முடியாது, அதான். முழுக்க முழுக்க என் சுயநலம். நீ படுற பாடெல்லாம் என்னாலதான். திட்டணும்னா திட்டு. வாய்க்கு வந்தபடி திட்டு. ஆனா எங்கிட்ட மூஞ்சியை மூடாதே. மூடிக்கிட்டுத்தான் சாகப் போறேன்னா, நான் வேலையில இருக்கும்போது செத்துடு. நான் பக்கத்துல இருந்து பாக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. துண்டுக்கு மேலே இருந்த கண்கள் அசையாமல் அவளைப் பார்த்தன. ஸ்டூலை எடுத்த இடத்தில் வைத்தாள். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி மூடி வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தெரு முழுக்க நடக்கும்போது, திரும்பிப் போய்க் காலில் விழு என்று மனம் அடித்துக்கொண்டது. கால் பாட்டுக்கு மில்லுக்கு நடந்தது.

அன்றைக்கு அவள் செய்த வேலை வேலையே இல்லை. சாப்பாட்டு மணி அடித்தும் வெளியே போகவில்லை. இந்நேரம் என்ன ஆகியிருக்கும், இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று ஒரே நினைப்பு. சாயங்காலம் கதவைத் திறக்கும்போது எது கண்ணில் படும் என்று நினைத்து நினைத்து, ஓர் இழையைப் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மெஷின்காரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். பின்னால் பார் என்று கை காட்டினாள்.

ஷெட்டின் நீளத்துக்கு முற்றத்துப் பக்கம் கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே ஈரம் குறைந்தால் இழை அறுந்துபோகும் என்று அவற்றைத் திறப்பதே இல்லை. அந்த மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெயிலில், ரேடியோ நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. காலில் ஒன்று அவர் செருப்பு, ஒன்று அவளுடைய பழைய செருப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தனியாகத் தெருவில் இறங்கியது இதுதான் முதல்தடவை. மூச்சு வாங்கித் தோள் ஏறி ஏறி இறங்கியது. அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் துண்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். எல்லோரும் பார்க்க இழுத்தார்.

"சுயநலமா? உன் சுயநலத்துல இடி விழ." கை இரண்டும் விசிறியடித்தன. "கண்ணை மூடினா மூச்சு இருக்கான்னு கழுத்துல கை வச்சுப் பாக்குற. திறந்தா அழுற. தூங்க விடுறியா மனுஷனை? என் சட்டையெல்லாம் யாரைக் கேட்டுப் பிடிச்சுத் தச்சே? நான் இளைச்சே கிடப்பேன்னு முடிவே பண்ணிட்டியா? கஞ்சி வைக்கிறியே, அதுல உப்புன்னு ஒண்ணு போடணும்னு தெரியாதா? அந்தச் செடிகூடக் குடிக்கல, பட்டுப்போச்சு."

ஷெட்டில் இருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாதவர் அங்கே யார்? ஏரியல் கண்ணாடி அருகே போய் நின்றாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, துடைத்தால் ஒரு வார்த்தை தவறிவிடும் என்று துடைக்கவில்லை.

"எல்லாத்தையும் பொறுத்துக்கலாம்." அவர் ஒரு விரலை ஆட்டினார். "அந்தக் குடைக் கதை. என் கதையை எடுத்துக் கொலை பண்றியே, தினமும் கொலை பண்றியே. காலரை முதல்ல சொல்லலாமா? காலர் கடைசியிலதான் வரணும்."

அவர் ஓரடி பின்னால் போனார். முதுகைக் கொஞ்சம் வளைத்து, வயிற்றை முன்னால் தள்ளி, பழைய மேனேஜர் ஆனார். அந்த எலும்புக் கூட்டுக்குள்ளிருந்து மேனேஜரின் தொந்தி எப்படித்தான் வந்ததோ. முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். என் குடை எங்கே என்று வாட்ச்மேனைக் கேட்டார். கேட்டை மூடச் சொன்னார். போகிறவர் வருகிறவர் பையையெல்லாம் கொட்டிக் காட்டச் சொன்னார். மழை வருகிறதா என்று மேலே பார்த்துப் பதறினார். பிறகு ஃபிட்டர் ரேடியோவாக மாறி, கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் பணிவாக வாயசைத்தார்: "சார், கொஞ்சம் திரும்பி நில்லுங்க சார்." திரும்பி முதுகைக் காட்டிக் காலருக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், அங்கே மாட்டியிருந்த குடையை எடுத்துக் கொடுத்தார்.

எல்லோருக்கும் மனப்பாடமான கதைதான். இருந்தும் ஷெட் மொத்தமும் சிரித்தது. மெஷின் இரைச்சலில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. வாய் பிளந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள் குலுங்கியதுதான் தெரிந்தது. ரேடியோ கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பட்டினி கிடந்தவன் சோற்றைப் பார்க்கிற பார்வை. அவர் முகம் கோணியது. கழுத்துத் துளையிலிருந்து இருமல் வெடித்தது. துண்டால் கழுத்தைப் பொத்திக்கொண்டு, குனிந்து இருமி, இருமி ஓய்ந்து நிமிர்ந்தார்.

ஏரியல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். "பசிக்குதா?" என்றாள்.

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. எதற்குப் பிழைக்க வைத்தாய் என்று கேட்டாரே, அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கவும் இல்லை. நோய் திரும்ப வராது என்று டாக்டரம்மாவே அடித்துச் சொல்லவில்லை. அவர் வாய் மெதுவாக அசைந்தது.

"சாயங்காலம் வேற எங்கயும் நிக்காம வா. இன்னும் திட்டி முடிக்கல."

மேஸ்திரி ஓடி வந்து, அறுந்து தொங்குகிற இழைகளைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். பெண்கள் மெஷினுக்குத் திரும்பினார்கள். ஏரியல் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் அறுந்த நுனியைப் பிடித்தாள். பிணைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, செருப்பு மாறிப் போட்ட காலோடு அவர் தட்டுத் தடுமாறி முற்றத்தைக் கடந்து கேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வாட்ச்மேன் ஏதோ சொல்ல, நின்று அவனுக்குப் பதில் சொன்னார். துண்டு கழுத்தில்தான் இருந்தது.